கமருன்னிசா டீச்சரின் ஏழாம் இயல்

செய்தி வந்தபோது நான் வடக்குத்துக் கடைத்தெருவில், சலூன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. பேசியவர் கமருன்னிசா டீச்சரின் மகள் ஷமீமா.

"சார், அம்மா மௌத்தாயிட்டாங்க சார். காலையில ஆறு மணிக்கு. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேம்மா" என்றேன். டீச்சருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு ஓராண்டாகவே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இருந்தும் அந்த ஓராண்டில் நான் ஒரே ஒருமுறைதான் போய்ப் பார்த்திருந்தேன். அதுவும் பத்து நிமிடம்.

மந்தாரக்குப்பத்தில் அவர்கள் வீடு, அவர்களே நடத்தும் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு ஆண்கள் அமர்ந்திருந்தார்கள். டீச்சரின் கணவர் ஜப்பார் பாய் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பண்ருட்டியிலிருந்தும் முத்தாண்டிக்குப்பத்திலிருந்தும் வந்திருந்த உறவினர்களிடம் என்னை அழைத்துப் போனார்.

"இவருதான் வேலாயுதம் சார். எங்க வூட்டம்மா எழுதின புஸ்தகத்த மொதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சவரு. ஒலகத்துலயே இவரு ஒருத்தருதான் படிச்சாரு."

பெரியவர் ஒருவர் எழுந்து தம் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். இன்னொருவர் என் வலக்கையைத் தம் இரு கைகளாலும் பற்றினார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

அந்தப் புத்தகத்தை நான் படித்திருக்கவில்லை.

டீச்சருக்கு நடத்தவிருக்கும் நினைவுக் கூட்டத்தில் எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்கள் சார்பாக நான் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பேசினால் தடுமாறுவேன். ஆகவே எழுதி வாசிக்கிறேன். டீச்சரைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்கட்டும்.

*

சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் நான் தமிழாசிரியராக வேலை பார்த்த பள்ளியில் அரபியை மொழிப்பாடமாக எடுத்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்காக வந்து சேர்ந்தவர் கமருன்னிசா டீச்சர். அவர்களுக்கென்று தனி வகுப்பறை கிடையாது. உயிரியல் ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில், கண்ணாடிக் குடுவையில் ஊறும் தவளைகளுக்குப் பக்கத்தில் பாடம் நடத்துவார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அரபி எழுத்துகளைத் தொண்டையின் எந்த இடத்திலிருந்து ஒலிக்க வேண்டும் என்று காட்ட, உயிரியல் ஆசிரியரிடமிருந்து தலையின் குறுக்குவெட்டுப் படத்தை இரவல் வாங்கி மாட்டியிருந்தார்.

பிறந்தது முத்தாண்டிக்குப்பம். தந்தையார் முந்திரி வியாபாரி. திருமணத்துக்குப் பிறகு, குழந்தை பிறந்த பிறகு, அஞ்சல் வழியில் அரபியில் முதுகலை முடித்தவர். பேச்சு மட்டும் முத்தாண்டிக்குப்பத்தை விட்டு வரவில்லை. நாங்களெல்லாம் மதுரை, திருநெல்வேலி, கோவை என்று எங்கெங்கிருந்தோ மைன்ஸ் வேலையை ஒட்டி வந்து சேர்ந்தவர்கள். எங்கள் ஊர்ப் பேச்சை டவுன்ஷிப்புக்குள் நுழையும்போதே கழற்றி வைத்துவிட்டோம். அவர் "வூட்டுக்குப் போய்கினு இருக்கேன்" என்றால் ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிப்பது அவர் முறை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தாளை மடித்துவிட்டு, "மழை வந்துகினு இருக்குது, புள்ளைங்கல்லாம் வரிசையா கிளாஸுக்குப் போயிடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற நான் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். "வந்துகினு அல்ல. வந்துகொண்டிருக்கிறது. எங்கே, எல்லோரும் சொல்லுங்கள்" என்றேன். அறுநூறு பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒரே குரலில் சொன்னார்கள். டீச்சரும் சிரித்தார். அதைப் பார்த்து அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாடவேளை முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சார், 'வந்துகினு'ன்னு நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது டீச்சர். ஆனா அது கொச்சை இல்லையா?"

"கொச்சைன்னு பேர் வெச்சது யாரு? பேசினவங்களா, கேட்டவங்களா?"

அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அரபியில இதுக்கு ஒரு பட்டியலே இருக்குது சார். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி போட்டது. தமீம்னு ஒரு பெரிய குலம். கிழக்குப் பாலைவனத்துல இருந்தவங்க. அவங்க பேச்சுல இருந்த ஒவ்வொரு பழக்கத்துக்கும் இலக்கணக்காரங்க ஒரு கேலிப் பேரு வெச்சாங்க. பொம்பளைகிட்ட 'உன்மேல'ன்னு சொல்லணும்னா அலைக்கி. அதை அலைஷ்னு சொன்னா, அதுக்குக் கஷ்கஷான்னு பேரு. ஷ் ஷ்னு கேக்குதாம்."

எரிச்சலோடு தொடங்கியவர் சொல்லச் சொல்ல வேறொருவராக மாறினார். கையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். 'அன்' என்று லேசாகத் தொடங்க வேண்டிய சொல்லைத் தமீம் மக்கள் தொண்டையை இறுக்கி ஆழத்திலிருந்து சொல்வார்களாம். அதற்கு அன்அனா என்று பெயர். 'நீ அறிவாய்' என்பதற்கு மற்றவர்கள் 'த' என்று தொடங்கினால் இவர்கள் 'தி' என்று தொடங்குவார்களாம். அதற்குத் தல்தலா.

"இதுல பாருங்க சார், கஷ்கஷா தமீம் பேச்சுன்னு ஒரு புஸ்தகம் சொல்லுது. இல்ல, ரபீஆங்கற வேற குலத்துப் பேச்சுன்னு இன்னொண்ணு. யாரு பேசினதுன்னுகூட சரியா எழுதி வெக்கல. எவன் பேசினா இன்னா, தப்புதானேன்னு விட்டுட்டாங்க. ஆனா அந்தக் கேலிப் பட்டியல் இல்லன்னா நமக்கு இதுவும் தெரிஞ்சிருக்காது. சிரிச்சவங்க புண்ணியத்துலதான் மிச்சம் இருக்குது."

நான் ஒன்று சொன்னேன். கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி'. அங்கே 'கெய்' என்றால் இங்கே 'செய்'. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னால் வரும் ககரம் நாக்கின் நுனிப்பக்கம் நகர்ந்து சகரமாகிவிடும். கஷ்கஷாவும் அந்த வகைதான். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் கிவி, செவி என்று எழுதிக்கொண்டார். "சார், நீங்க இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அன்றைய சிரிப்பு நேர்மையானது. நான் அவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதற்கு அப்போது அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

*

அதற்கடுத்த மூன்று ஆண்டுகள் மதிய உணவு வேளையில் தமீம் மக்கள் எங்களோடு சாப்பிட்டார்கள் என்றே சொல்லலாம். டீச்சர் ஏதாவது ஒரு சொல்லோடு வருவார், நான் தமிழிலிருந்து ஏதாவது எடுத்துக் கொடுப்பேன். அவர் எளிதில் ஒப்புக்கொள்பவர் அல்லர். "அது வேற சார், இது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்பார். சரியான கோபக்காரர். குறிப்பேட்டில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டேன் என்று ஒருமுறை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். தமீம் குலத்தாரின் பேச்சைப் பற்றித் தமிழில், தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்காக. ஆறு நீளக் குயர் நோட்டுகள். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். மொழியியலில் பழக்கமுள்ள தமிழாசிரியர் ஒருவர் முழுக்கப் படித்து, பிழை திருத்தி, அணிந்துரை தந்தால் வெளியிடலாம் என்று பதில் வந்தது.

முந்திரிப் படம் போட்ட துணிப்பையில் நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"உங்களத் தவிர எனக்கு யாரத் தெரியும் சார்? அவசரமில்ல. ஆனா சும்மா நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. எங்க தப்பு, எங்க புரியல, எங்க இன்னும் கேக்கணும்னு தோணுது, அத எழுதுங்க. யாராச்சும் ஒருத்தராவது கேள்வி கேட்டாத்தான் சார் அது புஸ்தகம்."

பையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்போது நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஏன் படிக்கவில்லை என்பதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. நேரமில்லை என்பது பொய். மாலை ஐந்து மணிக்கு மேல் எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. இளம் வயதில் நானும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். நெல்லை வட்டாரச் சொற்கள் பற்றி. இரண்டு இயல் எழுதி நின்றுபோனது. அதன் பிறகு யார் கேட்டாலும் குடும்பச் சூழல் என்று சொல்லிவந்தேன். இங்கே ஒருவர் வீட்டுக்குச் சமைத்துப்போட்டு, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, தவளைக் குடுவைகளுக்குப் பக்கத்தில் பாடம் நடத்தி, ஆறு நோட்டு எழுதி முடித்திருக்கிறார். அதுவும் 'வந்துகினு' என்று பேசுகிறவர். முதல் நோட்டைத் திறந்து பொருளடக்கத்தைப் பார்த்தேன். ஒன்பது இயல்கள். மூடிவிட்டேன். பொறாமை என்ற சொல்லை அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

பதினோரு மாதங்கள் அந்தப் பை அங்கேயே இருந்தது.

"ஆவுதா சார்?" என்று இடையிடையே கேட்பார்.

"படிச்சிட்டே இருக்கேன் டீச்சர். நிதானமாப் படிக்க வேண்டிய விஷயம்."

"அதுதான் சார் நல்லது. நிதானமாவே படிங்க."

பதிப்பகம் அவருக்கு ஒரு கெடு விதித்தது. ஒருநாள் கேட்டபோது, "முடிச்சிட்டேன் டீச்சர். ஒரு வரி விடல. பிரமாதம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத ஆசைதான். தானாகச் சொல்லவில்லை. காலையிலேயே முடிவு செய்துகொண்டுதான் போனேன். பிழைத்திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். அந்த நொடியில்கூடச் சொல்லியிருக்கலாம்.

அணிந்துரையைப் பொருளடக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முப்பது ஆண்டு தமிழாசிரியருக்கு அது பெரிய காரியமல்ல. ஏதேனும் ஓர் இயலைத் தனியாகக் குறிப்பிட்டால் நம்பிக்கையாக இருக்கும் என்று தோன்றியது. ஏழாம் இயலின் தலைப்பு 'மா என்னும் எதிர்மறை'. "குறிப்பாக ஏழாம் இயலில் ஆசிரியரின் நுண்மாண் நுழைபுலம் பளிச்சிடுகிறது. சான்றுகளை அவர் அடுக்கும் முறை வியப்பளிக்கிறது" என்று எழுதினேன். டீச்சரிடம் காட்டவில்லை. நூலாசிரியரிடம் அணிந்துரையை முன்கூட்டிக் காட்டுவது மரபல்ல என்று சொல்லி, பதிப்பகத்துக்கு நேரே அஞ்சலில் அனுப்பினேன். நோட்டுப் பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார்.

"பதிப்பகத்துல எடுக்கலன்னுட்டாங்க சார்."

"ஏன், என்னவாம்?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல சார்."

ஏமாற்றம் என்று காட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு நிம்மதி. "விடுங்க டீச்சர். அவங்களுக்கு என்ன தெரியும்? இந்த மாதிரிப் புத்தகத்தை இந்தக் காலத்துல யார் படிக்கிறா?" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம் சார். யாரு படிக்கிறா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனார்.

அதன் பிறகு நாங்கள் மேலும் ஐந்து ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். வணக்கம் சொல்வார். என் மனைவியின் உடல்நிலை விசாரிப்பார். பெருநாளுக்குப் பிரியாணி அனுப்புவார். ஆனால் தமீம் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. மதிய உணவை ஆய்வுக்கூடத்திலேயே முடித்துக்கொண்டார். மனம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் எனக்கு வசதியாகவே இருந்தது.

*

டீச்சர் இறந்த பத்தாம் நாள் ஷமீமா என் வீட்டுக்கு வந்தார். அவர் மந்தாரக்குப்பத்தில் கணினி மையம் நடத்துகிறார். கையில் அந்த முந்திரிப் பை.

"அத்தா குடுத்தனுப்பினாரு சார். புஸ்தகமா போட்டுடலாம்னு. நீங்க ஏற்கெனவே படிச்சதுதானே. ஒரு தடவ பார்த்துட்டுச் சரின்னு சொன்னீங்கன்னா நானே டைப் அடிச்சுடுவேன்."

வாங்கிக்கொண்டேன். இந்த முறை அன்று மதியமே திறந்தேன். நான்கு பகல் படித்தேன்.

முன்னுரையின் முதல் வரி: 'என் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருநாள் அறுநூறு பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த நூல் அன்று தொடங்கியது.' சிரிக்க வைத்தவர் யாரென்று எழுதவில்லை. முன்னுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் மூன்று வரிகள் நீல மையால் அடிக்கப்பட்டிருந்தன. அடித்ததற்கு அடியில் என் பெயர் தெரிந்தது. 'கைப்பிரதியை வரிவரியாகப் படித்துப் பார்த்த' என்ற சொற்களும் தெரிந்தன.

நான்காம் இயல் கஷ்கஷா. அதில் கிவி, செவி பற்றி ஒரு பத்தி. பக்கத்தின் கீழே ஓர் அடிக்குறிப்பு: 'இந்த ஒப்புமையைச் சுட்டிக்காட்டியவர் என் உடன்பணியாளர், தமிழாசிரியர் வேலாயுதம் அவர்கள்.' அது அடிக்கப்படவில்லை. நான் செய்யாததை நீக்கிவிட்டு, செய்ததை விட்டு வைத்திருந்தார்.

ஏழாம் இயலுக்கு வந்தேன். 'மா என்னும் எதிர்மறை' என்று தலைப்பு. அதன் கீழே நான்கு வரிகள்.

'மா என்னும் சொல்லுக்குப் பின் வரும் பயனிலைப் பெயரின் ஈற்றொலி மேற்கிலுள்ள ஹிஜாஸ் மக்களிடம் மாறும், தமீம் மக்களிடம் மாறாது என்கிறார்கள். இதற்கான மூல நூலை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிப் பார்த்ததுபோல் எழுத எனக்கு மனம் வரவில்லை. பார்த்தபின் எழுதுவேன்.'

அதற்குப் பிறகு பதினோரு வெற்றுப் பக்கங்கள். பக்கங்களுக்கு நடுவே மடித்த கடிதம் ஒன்று, என் அணிந்துரையுடன் சேர்த்துக் குண்டூசி குத்தப்பட்டிருந்தது. பதிப்பகத்தின் கடிதம். அணிந்துரையில் சிறப்பித்துச் சொல்லப்படும் ஏழாம் இயல் கைப்பிரதியில் எழுதப்படவே இல்லை என்றும், அணிந்துரை தந்தவர் நூலைத் திறந்து பார்த்ததாகவே தெரியவில்லை என்றும், தகுந்தவர் முழுக்கப் படித்துப் பார்த்தது என்று தாங்கள் சொன்னதை இனி நம்புவதற்கில்லை என்றும், ஆகவே நூலை ஏற்க இயலவில்லை என்றும் இருந்தது.

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். தாழ்வாரத்தில் என்னை நிறுத்தியதற்கு முந்தைய வாரத்தது.

*

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போனேன். ஜப்பார் பாய் கடையில் இருந்தார். ஷமீமாவையும் அழைக்கச் சொன்னேன். இருவர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கடிதத்தையும் கல்லா மேசைமேல் வைத்தேன்.

ஷமீமா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"படிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சார்? அம்மா வேற யாரையாச்சும் பார்த்திருப்பாங்க. ஒங்களுக்கு நேரமில்லன்னு சொன்னா யாரு இன்னா சொல்லப் போறா?"

"ஆமாம்மா."

"ஆமாம்மான்னா? எட்டு வருஷம் சார். எட்டு வருஷம் அந்தப் பையி எங்க பீரோவுல கிடந்துச்சு. நாங்கதான் அவங்களுக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தோம்."

ஒருவர் கிளட்ச் கேபிள் கேட்டு வந்தார். ஜப்பார் பாய் எழுந்து எடுத்துக் கொடுத்து அனுப்பினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்டகூட சொல்லல பாரு" என்றார். என்னிடம் சொன்னாரா, மகளிடமா, தெரியவில்லை. "'சார் முழுசாப் படிச்சாரு, பதிப்பகத்துக்குத்தான் புடிக்கல'ன்னா. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்."

"பாய், அன்னிக்குப் பந்தல்ல நான் மறுத்திருக்கணும்."

"மறுத்திருக்கணும்தான்" என்றார்.

ஷமீமா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. அதுவே நியாயம்.

எட்டு நாள் கழித்து ஷமீமாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"டைப் அடிச்சுகினு இருக்கேன் சார். அம்மா கையெழுத்து சில எடத்துல தெரியல. தமிழ்ப் பிழையும் பார்க்கணும். வேற யாரும் ஆம்புடல. வர முடியுமா? ஆனா ஒண்ணு, முன்னால ஒங்க பேரு வராது."

"பேரு வர வேண்டாம்மா. நான் வர்றேன்."

"அடிக்குறிப்புல மட்டும் இருக்கும். அத எடுக்க எனக்கு உரிமை இல்ல. அம்மா விட்டது."

மூன்று வாரங்களாகத் தினமும் காலையில் கணினி மையத்துக்குப் போகிறேன். அவர் திரையைப் பார்த்து வாசிப்பார், நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்ப்பேன். தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. ஏழாம் இயலை அந்த நான்கு வரிகளோடு அப்படியே அச்சிடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று ஜப்பார் பாயிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா அவளப் பெரிய அவுலியா, மகான் மாதிரி ஆக்கிடாதீங்க. கோவக்காரி. மன்னிச்சுட்டான்னும் எழுதாதீங்க. மன்னிச்சாளா இல்லியான்னு நமக்குத் தெரியாது" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அன்று அவர் ஏன் காரணத்தை என்னிடம் சொல்லவில்லை என்பதற்கும் நானாக ஒரு நல்ல விளக்கம் கொடுக்கப் போவதில்லை. என் மானத்தைக் காக்க நினைத்தாரா, என் முகத்தில் விழித்துப் பேசவே பிடிக்கவில்லையா, அல்லது நானாகச் சொல்கிறேனா என்று காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஜப்பார் பாய் என்னை டீச்சரை அடக்கம் செய்த கபரஸ்தானுக்கு அழைத்துப் போனார். மேட்டில் செம்மண் இன்னும் இறுகவில்லை. தலைமாட்டில் நட்ட செடி ஒன்று வெயிலில் துவண்டிருந்தது. அவர் கையேந்தி ஓதினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றேன். முடித்தபின் என் பக்கம் திரும்பினார்.

"ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க சார். நான் அந்தப் பக்கம் போய் நிக்கறேன்."

"நீங்க இருங்க பாய்" என்றேன்.

என்னென்னவோ சொல்ல நினைத்துப் போயிருந்தேன். கடைசியில் கேட்டது ஒரு கேள்விதான்.

"டீச்சர், ஐந்தாம் இயலில் எனக்கு ஒரு சந்தேகம். தமீம் மக்கள் சொல்லின் நடுவிலுள்ள குறிலை விழுங்கிவிடுவார்கள் என்கிறீர்கள். கழுத்துக்கு உனுக் என்ற சொல் அவர்கள் வாயில் உன்க் ஆகிறது. ஈரலுக்குக் கபித் என்பது கப்த் ஆகிறது. ஆனால் ஒட்டகத்துக்கு ஜமல் என்பது மட்டும் ஜமல் என்றே நிற்கிறது. உகரமும் இகரமும் விழ, அகரம் மட்டும் ஏன் விழவில்லை? பின்னால் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி நோட்டு வரை தேடிவிட்டேன். எங்கும் இல்லை."

ஜப்பார் பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.